மனக்கசப்பைக் கேட்ட டாக்டர்

இன்று காலை எழுந்ததும் முதலில் தம்பிக்கு உப்பில்லாமல் கஞ்சி வைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு போனை எடுத்தால்... டாக்டர் குணா போய்விட்டார்.

நேற்று சாயங்காலம், பங்சாரில் அவர் வீட்டிலேயே.

பலருக்கு அவர் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நிபுணர். எனக்கு ஆறு வருஷம் பாஸாக இருந்தவர். அவருடைய ஆராய்ச்சிக் குழுவில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிற வேலை அப்போது என்னுடையது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தம்பியின் கல்லீரல் கெட்டுவிட்டது. என்னுடையதில் ஒரு பகுதியைக் கொடுத்தால் அவன் பிழைக்க வழி உண்டு. டெஸ்ட் எல்லாம் முடிந்தது. மூன்று வாரமாக நான்தான் பதில் சொல்லாமல் இருக்கிறேன்.

பயம்.

சரி, டாக்டர் விஷயத்துக்கு வருகிறேன்...

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மலாய் ஃபார்மைத் தமிழில் எழுதச் சொன்னார். மலாயில் ‘ஹாத்தி’ என்றால் கல்லீரல். மனசுக்கும் அதே சொல்தான். ஃபார்மில் ‘சாக்கிட் ஹாத்தி’ என்று இருந்தது. கல்லீரல் நோயைக் கேட்கிறார்கள். தினமும் பேச்சில் அதை மனசு நோவது என்ற பொருளில் கேட்ட பழக்கத்தில் நான் எழுதியது: “உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது மனக்கசப்பு உண்டா?”

முதல் வீடு கிள்ளானில். கணவருக்குத் தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்த ஓர் ஆன்டி. கேள்வியைக் கேட்டதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“மனக்கசப்பா? உட்காரு பிள்ள. நாத்தனார்ல இருந்து ஆரம்பிக்கவா, மாமியார்ல இருந்தா?”

ஒரு மணி நேரம்! ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டு வந்து டாக்டர் மேசையில் வைத்தேன்.

பாதி படித்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். “ஏம்மா, நான் ஈரலைப் பத்திக் கேட்டா நீ நாத்தனாரைக் கொண்டு வந்திருக்கியே லா!”

எனக்கு எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை.

கடைசிப் பக்கம் வந்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. ஆன்டி சொல்லியிருந்தார்: “வீட்டுக்கு வந்ததுல இருந்து எல்லாரும் அவரு எப்படி இருக்காருன்னுதான் கேக்குறாங்க. எனக்கும்தானே வயித்தக் கிழிச்சாங்க?”

அந்தத் தாளை மறுபடியும் படித்தார்.

ஃபார்மைத் திருத்தினோம். ஆனால் என் தப்பான கேள்வியைத் தூக்கிப்போட அவர் விடவில்லை. கொடுத்தவர்களுக்கென்று தனி ஃபார்ம் போட்டார், அதில் முதல் கேள்வியே அதுதான். அனுமதி வாங்க மாதக்கணக்கில் அலைந்தார். “இது என்ன மெடிக்கல் கேள்வி?” என்று கமிட்டியில் கேட்டார்களாம். அதன் பிறகு அவர் ஆராய்ச்சியில் பாதி, கொடுத்தவர்களைப் பற்றித்தான்.

ஒவ்வொரு வருஷமும் அவரே அவர்களுக்குப் போன் போடுவார். காஜாங்கில் ஒரு லோரி டிரைவர் அண்ணன், “மழை வந்தா தழும்பு அரிக்குது டாக்டர்” என்றார். நாங்கள் சிரித்தோம். டாக்டர், “இன்னைக்கு அங்க மழையா?” என்று கேட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

போன மாதம் தம்பி விஷயமாக அவரை அழைத்தேன். “நான் என்ன செய்யணும் டாக்டர்?”

“அத நான் சொல்லக் கூடாதும்மா. வேணாம்னு தோணுச்சுன்னா உன் டாக்டர்கிட்ட தனியா சொல்லு. ‘இவங்க உடம்புக்குச் சரிப்படாது’ன்னு மட்டும் வீட்டுல சொல்லுவாங்க. தம்பிக்குக்கூட காரணம் தெரியாது.”

“நீங்களா இருந்தா?”

“நானா? எனக்கு ஊசி போட்டாலே கண்ண மூடிக்குவேன் லா.”

அதுதான் எங்கள் கடைசிப் பேச்சு. எத்தனை பேர் வயிற்றைத் திறந்து மூடிய மனிதர்...

நிம்மதியாகப் போய் வாருங்கள் டாக்டர். அங்கே யாராவது நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கட்டும்.

தம்பி குளித்துக்கொண்டிருக்கிறான். அவனிடம் சொன்ன பிறகுதான் இதைப் பதிவேற்றுவேன். எழுதுகிற இந்த நிமிடம் வரை யாருக்கும் தெரியாது. பயம் போகவில்லை.

திங்கட்கிழமை சம்மதக் கையெழுத்துப் போடப்போகிறேன்.