உட்கார ஆளில்லாத ஸ்டூல்

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில், புடவை செக்‌ஷனில் நிற்கிறேன். வேலை பார்க்கிறேன் என்று சொல்ல வாய் வருவதில்லை. நிற்பதுதான் வேலை.

கடை ஊழியர்கள் உட்காரலாம் என்று சட்டம் வந்ததும் எங்களுக்கும் ஸ்டூல் போட்டார்கள். யாரும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் திட்ட மாட்டார். பக்கத்தில் வந்து ஸ்டூலையே முறைத்துப் பார்ப்பார். அது போதும். பாத்ரூம் போகவும் அவரிடம் கேட்க வேண்டும் என்பதால் நாங்கள் தண்ணீரும் குடிப்பதில்லை.

அன்று ஆடித் தள்ளுபடிக் கூட்டம். கெண்டைக்காலில் நரம்பு புடைத்து விண்விண்ணென்று தெறித்தது. காலை மாற்றி மாற்றி நின்றேன். எதிரே உட்கார்ந்து புடவை பார்த்த ஒரு அக்கா கவனித்துவிட்டார்.

"ஸ்டூல்தான் கீதே, உக்காரும்மா."

"பரவால்லக்கா" என்றேன். கண் தானாகச் சூப்பர்வைசரிடம் போனது. அந்த அக்காவும் அங்கே பார்த்தார். உடனே குரலை உயர்த்தினார்.

"சார், அண்ணாந்து பாத்து பாத்து எனக்குக் கழுத்து வலிக்குது. இந்தப் பொண்ண உக்காந்து காட்டச் சொல்றீங்களா, இல்ல வேற கடைக்குப் போகட்டுமா?"

சூப்பர்வைசரே ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

உட்கார்ந்ததும் எனக்கு அழுகை முட்டியது. அந்த அக்கா அதைக் கண்டுகொள்ளாமல், ஒரே புடவையின் முந்தானையை வெகுநேரம் புரட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது தினமும் உட்காருகிறேன். "உங்களுக்குக் கழுத்து வலிக்கும்க்கா" என்று ஒவ்வொரு கஸ்டமரிடமும் சொல்லிவிட்டுத்தான். எனக்குக் கால் வலிக்கிறது என்று சொல்லி உட்கார இன்னும் தைரியம் வரவில்லை.