ஒரு பல் தள்ளி வைத்த பொட்டு

தம்பி பிறந்தது பாலோவுக்கு அருகே, அப்பா வாத்தியாராக இருந்த ரப்பர் தோட்டத்தில். பெற்ற பத்தாம் நாள் அம்மா காய்ச்சலில் போனார். எனக்கு அப்போது எட்டு வயது. இடுப்பில் சுமந்து, 'டா' போட்டே வளர்த்த பிள்ளையை இந்த நினைவு மலரில் 'அவர்' என்று எழுதுகிறேன்.

பதினாறு வயதில் தோட்டத்து லாரியில் ஏறினார். ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் அவரே. ஆட்குறைப்பில் வேலை இழந்து சொந்த ஊருக்குக் கப்பலேறப் போன குடும்பங்களை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, ரயில் கிளம்பும்வரை நின்றவர்.

சென்ற ஆண்டு எஞ்சினில் பொறி விழும் நேரத்தைப் பிடிக்கும் முன்புறப் பற்சக்கரங்கள் தேய்ந்துபோயின. யோங் பெங் பட்டறையில் புதியவை வெட்டி வாங்கி வந்தார். பெரிய சக்கரத்தில் எந்தப் பல் சின்னதன் குறியோடு சேர வேண்டும் என்ற அடையாளம் இல்லை. பழையதை மேலே வைத்துப் பற்களை எண்ணி, உரிய பல்லில் சுண்ணாம்பால் புள்ளி வைத்தார். அன்று ஆயுத பூசை. சக்கரங்களை இலையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

பூசைச் சக்கரத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறதே என்று நான் அதைத் துடைத்து, அதே இடம் என்று எண்ணிச் சந்தனப் பொட்டு வைத்தேன். வந்து பார்த்துச் சிரித்தார்.

"என்னக்கா, லாரிக்கு வளைகாப்பா?"

"போடா. சாமி காரியம்."

"அதே பல்லுதானே?"

"அதேதான்டா."

எனக்கு நிச்சயமாகத் தெரியாது. இருந்தும் சொன்னேன்.

மறுநாள் சந்தனம் வைத்த பல்லையே குறியாகக் கொண்டு சக்கரங்களை மாட்டி, எஞ்சினைக் கிளப்ப ஹேண்டிலைச் சுற்றினார். பொறி முன்கூட்டியே விழுந்து, ஹேண்டில் எதிர்த்து உதைத்தது. மணிக்கட்டு முறிந்து, எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது. ஆறாம் நாள் ரணஜன்னி கண்டு தாடை இறுகத் தொடங்கியது. ஒன்பதாம் நாள் குளுவாங் ஆஸ்பத்திரியில் போய்விட்டார்.

தாடை இறுகுமுன் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி பார்க்க வந்தார்.

"எப்படிப்பா ஆச்சு?"

"நான்தாங்க, ஒரு பல்லு தப்பா எண்ணிட்டேன்."

நான் கட்டிலருகே நின்றேன். தம்பி என் பக்கம் திரும்பவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

கருமாதி முடிந்ததும், யோங் பெங் பட்டறைச் சீனர் வந்து எஞ்சினைத் திறந்தார். "சத்து கிகி சாலா" என்று மலாயில் சொல்லி ஒரு விரல் காட்டினார். ஒரு பல் பிசகு. சந்தனம் ஒட்டிய பல்லுக்கு அடுத்த பல்லின் இடுக்கில் சுண்ணாம்பு வெள்ளை இருந்தது. அதை நான் மட்டும் பார்த்தேன்.

அன்றுமுதல் என் பிள்ளைகள் அடுப்பருகே போனாலும் ஓடிப்போய் இழுத்துவிடுகிறேன். போன மாதம் மகள் பள்ளியிலிருந்து வந்து, "மாமா கவனமில்லாம மாட்டுனாராம்மா?" என்று கேட்டாள். தம்பி மனைவியும் ஓராண்டாக இதைக் கேட்டுத் தலைகுனிந்து நடக்கிறாள்.

தம்பியைத் தூக்கி வந்து வேறொரு லாரியில் ஏற்றிய லயத்துக் குடியிருப்பு ஆட்களுக்கும், ஒன்பது நாளும் புண் கழுவிய டிரெசருக்கும், கூலி கேளாத பட்டறைக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இம்மலரைப் பெறுபவர்கள் தம்பி மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தம்பி சரியாகத்தான் எண்ணினார்.