கோளாறில்லாத மவுஸ்

கணினிச் சாமான்கள் விற்கும் அந்தக் கடையில் அவருக்கு 'வெளக்கம்' என்று பேர். சும்மா வைக்கவில்லை. வயரில்லாத மவுஸ் வேண்டும் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், ஆளை லேசில் விடமாட்டார்.

"கம்ப்யூட்டர்ல ரிசீவர் செருகுறதா, புளூடூத்தா? ரிசீவர்னா செருகினதும் ஓடும். ஆனா அந்தப் பொடிச் சாமான் தொலைஞ்சா மவுஸும் போச்சு. புளூடூத்துக்கு அந்தக் கவலை இல்ல, ஆனா சில நேரம் தூங்கி எந்திரிச்சுதான் வரும்."

முதலாளி தலையில் கை வைத்துக்கொள்வார். ஆனாலும் வெளக்கம் விற்ற பொருள் சரியில்லை என்று திரும்பி வந்ததே இல்லை. மனுஷருக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

அவர் மனைவி ஓர் இன்ஜினியருக்குக் கட்டட பிளான்கள் வரைந்து கொடுப்பவள். முன்னறை ஜன்னலோரம் மேஜை, அதன்மேல் கணினி. அவள் வரைந்த சுவர்கள் சேரும் மூலையை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் பிசிறு இருக்காது. அப்படிப்பட்டவளின் பிளானில் ஒரு நாள் குளியலறைக் கதவு சமையலறைக்குள் திறந்தது. இன்ஜினியர் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினார். அடுத்த பிளானில் மாடிப்படி ஏறிப்போய்ச் சுவரில் முட்டியபோது அவர் சிரிக்கவில்லை.

"மவுஸ் சரியில்லங்க. நான் ஒரு இடத்துல வச்சா, அது ஒரு இடத்துல போய் நிக்குது," என்றாள்.

மவுஸ் என்றதும் வெளக்கத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. ரிசீவர் வகையில் நல்லதாக ஒன்று கொண்டுவந்தார். வந்த சுருக்கில் திரும்பியது. புளூடூத் கொண்டுவந்தார். "இது புது மாப்பிள்ளை மாதிரி, கூப்பிட்டா நின்னு யோசிச்சுதான் வருது," என்று தள்ளிவைத்தாள். அப்புறம், கை குலுக்குவதுபோல நிமிர்த்திப் பிடிக்கும் வெர்டிகல் மவுஸ். மணிக்கட்டு வலிக்கு இதமானது என்று விளக்கினார்.

"எனக்கு வலியே இல்லையே," என்றாள்.

அன்றுதான் அவள் பின்னால் நின்று பார்த்தார். மடியில் கிடக்கும்வரை கை சும்மாதான் இருந்தது. மவுஸைப் பிடித்து ஒரு கோட்டின் முனையைத் தொடப் போனதும் நடுங்கியது. அவள் அப்பாவின் கையும் இப்படித்தான். தண்ணீர் டம்ளர் வாய்க்குப் போவதற்குள் சட்டை நனைந்துவிடும். கடைசிக் காலத்தில் அவருக்கு ஊட்டிவிட்டவளே இவள்தான். இவளுக்கா தெரியாது?

"டாக்டர்கிட்ட ஒரு தடவை..."

"டாக்டர் மவுஸ் விக்கிறாரா?"

அதோடு பேச்சு முடிந்தது.

திருப்பிக் கொண்டுபோன மவுஸ்களைக் கடையில் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தார். எல்லாமே வழுக்கிக்கொண்டு ஓடின. ஒன்றிலாவது கோளாறு இருந்துவிடாதா என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

"என்ன வெளக்கம், நல்ல சரக்கைப் போய் இப்படி மொறச்சுப் பாக்கறீங்க?" என்றார் முதலாளி.

மிச்சமிருந்தது டிராக்பால். அதில் மவுஸ் இடத்தை விட்டு அசையாது. பக்கத்தில் பதித்திருக்கும் உருண்டையைக் கட்டைவிரலால் உருட்ட வேண்டும். கை நடுங்கினாலும் பாதகமில்லை என்று நினைத்துத்தான் கொண்டுவந்தார்.

"இது யாருக்குங்க செய்யறாங்க?" என்று கேட்டாள்.

வாழ்நாளெல்லாம் விளக்கம் சொன்னவர், "புதுசா வந்திருக்கு," என்று மட்டும் சொன்னார்.

கட்டைவிரலும் நடுங்கியது. அம்புக்குறி திரையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பாய்ந்தது.

அந்த வாரமே இன்ஜினியர் போன் செய்தார். "கொஞ்ச நாள் ஓய்வெடுங்கம்மா. இப்ப வந்திருக்கிற ஆஸ்பத்திரி பிளானை வேற ஆள்கிட்ட குடுத்துக்கறேன்." மரியாதையாகத்தான் சொன்னார். அவள் போனை வைத்தாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள்.

"உங்க கடையில வேற என்ன வகை இருக்கு?"

ஒன்றும் இல்லை. ஆனால் அதை அவளிடம் எப்படிச் சொல்வது? மறுநாள், முதலில் கொண்டுவந்த ரிசீவர் மவுஸையே புதுப் பெட்டியில் போட்டு எடுத்து வந்தார். அவள் பிரித்து, புரட்டிப் பார்த்தாள். பேட்டரி மூடியோரம் அவள் நகம் பட்ட கீறல் அப்படியே இருந்தது.

"இது மொதல்ல கொண்டாந்ததுதானே?"

"ஆமா."

கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் கோபிக்கவில்லை. மவுஸை மேஜைமேல் ஒரு தடவை நகர்த்திப் பார்த்தாள்.

"இதுல ஒரு கோளாறும் இல்லைங்க," என்றாள்.

கடையில் யாராவது இப்படிச் சொன்னால் அன்று முழுக்க அவர் முகம் மலர்ந்திருக்கும். இப்போது அவர் கண் கலங்கியது. அவள் மவுஸைப் பெட்டிக்குள் வைத்து மூடப்பார்த்தாள். மூடியின் நுனி செருகும் இடத்தைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. வாங்கி மூடிவிட அவர் கை நீண்டது. பாதியில் நிறுத்திக்கொண்டார். அவள் இன்னொரு தடவை முயன்றாள்.