மூழ்கியும் மிதந்த கப்பல்

குண்டு என்றதும் ஆள் பருமன் என்று நினைத்துவிடக் கூடாது. காற்றடித்தால் சாய்கிற உடம்பு. பீரங்கிப் போர்க்கப்பலில் குண்டு ஏற்றுகிறவர் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். நாட்டிலிருந்த ஒரே பீரங்கிப் போர்க்கப்பல் அது. முழம் தடிமனுக்கு இரும்புக் கவசம், ஒல்லியான ஆள் ஊர்ந்து போகக்கூடிய பீரங்கிக் குழாய்கள். எதிரியை நோக்கி ஒருமுறைகூடச் சுட்டதில்லை. ஆகவே தோல்வியே காணாத கப்பல் என்று தளபதிகள் பெருமைப்பட்டார்கள்.

குண்டுவுக்கும் அதே பெருமைதான். சாப்பிட உட்கார்ந்தால் மச்சினனோடு வாக்குவாதம். அவன் கடற்படைப் பட்டறையில் ஆளில்லாச் சிறு படகுகள் செய்கிறவன்.

"உங்க பீரங்கி எட்டுற தூரத்துக்கு எதிரி எதுக்கு மாமா வரணும்? அவன் வீட்ல உக்காந்தே ஏவுகணை விடுவான்."

கவசத்தில் பட்டால் ஏவுகணைக்குத்தான் மூக்கு உடையும் என்பார் குண்டு. அடிவயிற்றில் பட்டால் என்று அவன் கேட்பான். குண்டுவின் மனைவி இருவர் தட்டிலும் இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டு வாயை அடைப்பாள்.

அந்த ஆண்டுப் போர்ப் பயிற்சியில் கப்பலைத் தாக்கும் வேலை மச்சினனின் படகுகளுக்கே வந்தது. வெடிமருந்துக்குப் பதில் ஆரஞ்சுச் சாயம். கப்பல் குறி பார்க்கப் பீரங்கியைத் திருப்பிக்கொண்டிருந்தபோதே பின்பக்கம் 'டொக்'கென்று ஒரு சத்தம். நடுவராக வந்திருந்த பெண் அதிகாரி, கீழே குண்டு ஏற்றும் அறைக்குள் இறங்கி வந்து, கப்பல் மூழ்கிவிட்டது, எல்லாரும் இறந்துவிட்டீர்கள், அசையாமல் உட்காருங்கள் என்றார்.

குண்டுவின் முன்னே பாதி ஏற்றிய குண்டு. "இதை மட்டும் சுட்டுட்டு சாகலாமா மேடம்?"

"முடியாதுங்க. செத்தவங்க சுட மாட்டாங்க."

தலைமைத் தளபதிக்கு அந்தச் சாவு பிடிக்கவில்லை. கப்பல் உயிர்த்தெழ உத்தரவு வந்தது. உயிர்த்தெழுந்து, போட்ட தேநீர் ஆறுவதற்குள் மறுபடியும் மூழ்கியது.

இரண்டாம் முறை செத்து உட்கார்ந்திருந்தபோதுதான் குண்டு அந்த இரும்பு அறையை நிதானமாகப் பார்த்தார். ஒற்றை ஏணி. மேலே கனத்த கதவு. தண்ணீர் உள்ளே வந்தால் யார் முதலில் ஏறுவது? பக்கத்திலிருந்தவர்களும் ஏணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் முறை விதிகள் திருத்தப்பட்டன. படகுகள் முன்பக்கமாக மட்டுமே வர வேண்டும். மெதுவாக, ஒலி எழுப்பிக்கொண்டு வர வேண்டும். பீரங்கி முழங்கியது. படகுகள் மரியாதையாகத் தோற்றன. நவீனக் கடற்போரில் பீரங்கிப் போர்க்கப்பலுக்கு நிகரில்லை என்று அறிக்கை வெளியானது. குண்டுவுக்குப் பதக்கம். கப்பலை அசிங்கப்படுத்திய குற்றத்துக்காக மச்சினனுக்கு மெமோ; சாயத்தைத் தேய்த்துக் கழுவவும் அவனே வர வேண்டும்.

"எதுக்குங்க இது?" பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் மனைவி.

"ரெண்டு தடவை செத்ததுக்கு. உன் தம்பிதான் கொன்னான்."

"சோத்துக்கு வந்துட்டீங்கல்ல, கை கழுவுங்க" என்றாள். ஆனால் அன்றைக்கு அவரால் சாப்பிட முடியவில்லை.

மறுநாள் கப்பலின் பக்கவாட்டில் பலகை கட்டித் தொங்கியபடி மச்சினன் தேய்த்துக்கொண்டிருந்தான். குண்டு தானும் ஒரு பிரஷ்ஷோடு இறங்கினார். வெகுநேரம் தேய்த்த பிறகு சொன்னார்:

"நிஜ வெடியா இருந்தா என்னால அந்த ஒத்தை ஏணியில ஏறித் தப்பிச்சிருக்க முடியாதுடா."

"தெரியும் மாமா. கரையிலேர்ந்து படகை விடும்போது நீங்க உள்ளே இருக்கீங்கன்னுதான் நினைச்சேன்."

அடுத்த வாரமே குண்டு, பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுக்கும் துறைமுக இழுவைப் படகுக்கு மாற்றல் கேட்டார். போர்க்கப்பலின் மேல் நம்பிக்கை குறைவு என்று குறிப்பெழுதி, பதக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். இழுவைப் படகில் கவசமும் இல்லை, பீரங்கியும் இல்லை. நின்ற இடத்திலிருந்தே நாலு பக்கமும் கடல் தெரிந்தது. புதிதாக இன்னும் இரண்டு பீரங்கிப் போர்க்கப்பல்கள் கட்ட அரசு முடிவெடுத்த செய்தியை அங்கேதான் ரேடியோவில் கேட்டார். இழுப்பதற்கு நிறைய வேலை வரும் என்று எஞ்சின்காரரிடம் சொல்லிவிட்டுக் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்.