பேமிலி ரூமில் ஓர் அக்கா

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ராஜாராம் ஓட்டல் என்று ஒன்று இருந்தது. அந்த ஓட்டல் இட்லியைப் பற்றி நான் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள், மீதியே போதும். ஒரு லாரி டிரைவர் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கக் கல் கிடைக்காமல் அங்கே இரண்டு இட்லி வாங்கிப் போனார். லாரி மறுநாளும் நகரவில்லை என்று கேள்வி. ஆனால் மத்தியானச் சாப்பாடு வேறு ரகம். ராஜாராம் வத்தக்குழம்பைத் தாளித்தால் மானாம்பதி போகிற பஸ் ஒரு மூச்சு நின்று முகர்ந்துவிட்டுத்தான் போகும்.

ஓட்டலின் பின்பக்கம், கை கழுவும் தொட்டிக்கு முன்னால், ஒரே ஒரு மேஜை கொள்ளும் தடுப்பு ஒன்று உண்டு. 'பேமிலி ரூம்' என்று பலகை. வாசலுக்குப் பழைய நூல் புடவையில் தைத்த திரை. அதைத் துவைத்த தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஒரு பந்திக்கு ரசம் ஆகும். பெண்பிள்ளை ஓட்டலில் சாப்பிடுவதென்றால் அந்தத் திரைக்குப் பின்னால்தான். அதுவும் புருஷனோ அண்ணனோ கூட வரவேண்டும். ஆண் துணையில்லாமல் அந்தத் திரையை முதலில் விலக்கியவள் பெருநகர் ஆதிலட்சுமி. வருஷம் எழுபத்தாறு.

ஆதிலட்சுமி யூனியன் ஆபீசில் கிராம சேவிகா. அப்பா இறந்த பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, தாயும் ஒரே மகளுமாக இருந்தார்கள். ஆள் அப்படி ஒல்லி. வெயிலில் குடை பிடித்து நடந்தால் குடை மட்டும் தனியாகப் போவது மாதிரி தெரியும். ஆனால் இலையின் முன் உட்கார்ந்தால் சோறு விழுகிற சத்தம் கேட்கும், விழுந்த சோற்றைக் கண்டவர் கிடையாது. மாதம் ஒருமுறை யூனியன் ஆபீசில் மீட்டிங். அது முடிந்ததும் மூன்று பேர் ஓட்டலுக்குப் போவார்கள். ஆதிலட்சுமி, உள்ளூர்த் தையல் டீச்சர் சுலோச்சனா, நர்ஸ் மேரி.

மேரியின் அப்பா தானியேல் ஓரிக்கைப் பக்கத்துக் காலனிக்காரர், பிறர் நிலத்தில் கூலி வேலை. மேரி படித்து நர்சாகி இந்தப் பக்கம் வேலைக்கு வந்தவள். ஊர்த்தெருக்களில் பிரசவம் பார்ப்பாள். பிள்ளையை வாங்கிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால், அந்தக் கைக்கு வாசலில் நிற்க வைத்து, செம்பு படாமல் உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றுவார்கள். ஆதிலட்சுமி குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரத்துக்கு அவளோடு வீடு வீடாகப் போனவள். அந்தத் தண்ணீரைப் பலமுறை பார்த்திருக்கிறாள்.

முதல் நாள் மூன்று பேரும் உள்ளே போய் உட்கார்ந்ததும், பரிமாறுகிற எல்லப்பன் இலைக்கட்டோடு வந்து நின்றான். இலை போடவில்லை.

"சுலோச்சனாம்மா உள்ளூரு. நீங்க பெருநகரு, உங்க நைனா இருக்கசொல்ல இங்கதான் காப்பி குடிப்பாரு. இவங்க யாருமா? புதுசா கீறாங்க?"

மேரி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் ஆதிலட்சுமி முந்திக்கொண்டாள்.

"எங்க அக்கா."

இலை விழுந்தது. சோறு விழுந்தது. சுலோச்சனா தலையைக் குனிந்து சிரிப்பை அப்பளத்தோடு நொறுக்கினாள். மேரியும் அன்றைக்குச் சிரித்தாள்.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே. அடுத்த மாதத்திலிருந்து ஆதிலட்சுமி கைப்பையில் சாந்து பாட்டில் ஒன்று வைத்துக்கொண்டாள். ஓட்டலுக்குள் போகுமுன், பஸ் ஸ்டாண்டு சுவரோரம் மேரியின் நெற்றியில் ஒரு பொட்டு. வெளியே வந்ததும் மேரி கைக்குட்டையால் துடைத்துக்கொள்வாள். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. திரைக்குப் பின்னால் சிரிப்புக்குக் குறைவில்லை.

"அக்கான்னா அதட்டணும் இல்ல? ஏய், ரசத்த உறிஞ்சாத. எதிர்ல பெரியவ உக்காந்துக்கினு கீறேன்" என்பாள் மேரி.

"அக்காவுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடு எல்லப்பா, கண்ணு வெச்சிக்கினு இருக்கா" என்பாள் இவள்.

"ரெண்டு பேரும் தின்னுட்டு என் எலையையும் தின்னுடாதீங்க" என்பாள் சுலோச்சனா.

இப்படி இரண்டு வருஷம் ஓடிற்று. பிறகு புள்ளலூரிலிருந்து வரன் வந்தது.

ஆதிலட்சுமிக்கு அப்போது கல்யாண வயசு தாண்டிக்கொண்டிருந்தது. ஊர் சுற்றுகிற வேலை என்று ஏற்கெனவே வந்தவர்கள் எல்லாரும் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். இந்த முத்துகிருஷ்ணன் பெண் பார்க்க வந்தபோது, "கல்யாணத்துக்கு அப்பறமும் வேலைக்குப் போவட்டும், எனக்கு ஒண்ணும் இல்ல" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகவே ஆதிலட்சுமிக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. அம்மா கோயிலுக்குப் போய் சந்தோஷத்தில் அழுதுவிட்டு வந்தாள்.

முத்துகிருஷ்ணன் வீட்டுக்குக் கலெக்டர் அவன் பெரியம்மா ஆண்டாளம்மாள். அவள் விசாரித்தால் செத்தவர்களும் எழுந்து பதில் சொல்வார்கள். ஒருநாள் உத்திரமேரூரில் பஸ் மாறும்போது, ராஜாராம் ஓட்டல் வாசலில் பன்னீர் சோடா குடித்தபடி பெண்ணைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். ராஜாராம் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்.

"தங்கமான பொண்ணுமா. மாசம் தவறாம அக்காவையும் கூட்டிக்கினு வந்து சாப்பிடுது."

"அக்காவா?"

"நர்சு வேல. கழுத்துல இன்னும் ஏறல போலக்கீது, பாவம்."

ஆண்டாளம்மாள் சோடாவைப் பாதியில் வைத்துவிட்டு நேரே பெருநகருக்கு பஸ் ஏறினாள்.

"மூத்தத ஒளிச்சி வெச்சிட்டு இளையத தள்ளப் பாக்கிறீங்களா? மூத்ததுக்கு இன்னா கொற? காலா, கண்ணா, பித்தா?"

அம்மா மலைத்துப்போய் மகளைப் பார்த்தாள். ஆதிலட்சுமியின் வாயிலிருந்து இரண்டாவது பொய், முதல் பொய்யின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தது.

"கூடப் பொறந்தவ இல்லைங்க. பெரியப்பா பொண்ணு."

ஆண்டாளம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, ஒண்ணுவிட்ட அக்காவா! கெவுர்மெண்டு உத்தியோகமா? என் தம்பி வரதனுக்கு, பொஞ்சாதி போனதுலேருந்து பாத்துக்கினுதான் கீறோம். அடுத்த மீட்டிங் அன்னிக்கு நானே வரேன். ஓட்டல்லயே பாத்துடலாம், பஜ்ஜி சொஜ்ஜி வேல மிச்சம்."

அவள் போன பிறகு அம்மா கதவைச் சாத்தினாள். "யாருடி அது?"

ஆதிலட்சுமி வாயெடுத்ததும் அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். "வாணாம். யாருகிட்டயும் சொல்லாத. எனக்கும் சொல்லாத. யாருன்னு எனக்குத் தெரிஞ்சா அது என் மூஞ்சில தெரிஞ்சிடும்."

மேரியிடம் சொல்லாமல் முடியாதே. மறுநாள் இரண்டு பேரும் வயலோரமாக நடந்து போகையில் ஆதிலட்சுமி எல்லாவற்றையும் கொட்டினாள். மேரி வரப்பிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"வரதன் எப்பிடி, மீச இருக்குமா?"

"வெளையாடாத மேரி."

"நானா வெளையாடறேன்?" சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒரே ஒரு தபா வா. கல்யாணமே வேணாம்னு சொல்லிடு, அது போயிடும்."

"கன்னியாஸ்திரீ ஆவப்போறேன்னு சொல்லட்டுமா?"

மேரி புடவையில் ஒட்டிய புல்லை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"அன்னிக்கு எல்லப்பன் கேட்டப்ப நான் வாயத் தெறந்தேன். நீ பாத்த. எனக்கு முன்னாடி நீ சொல்லிட்ட."

"உன்ன வெளிய உக்கார வெச்சிடுவாங்களேன்னு பயந்துட்டேன்."

"எனக்குத் தெரியாதா அது? வெளிய உக்கார்றதா, எழுந்து போறதான்னு நான் முடிவு பண்ணியிருப்பேன். என் அப்பாவ அன்னிக்கி நீ மாத்திட்ட. இப்ப உன் பெரியப்பாவையும் எனக்கு அப்பாவா குடுத்துட்ட." எழுந்து நடந்தாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பாமலே சொன்னாள்: "வரேன். மீட்டிங் அன்னிக்கி வரேன்."

வந்து என்ன சொல்வாள் என்று சொல்லவில்லை. அடுத்த மீட்டிங் வரும்வரை ஆதிலட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை. அவள் வீட்டுப் பூனை கொழுத்துப்போய் வாசற்படியில் சிக்கிக்கொண்டது என்று பெருநகரில் சொல்வார்கள். அதிலும் பாதியைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ராத்திரியெல்லாம் அவள் மனம் இரண்டு பக்கமும் ஓடிக் களைத்தது பொய்யில்லை. மேரி ஒரு பொய்யைச் சொன்னால் கல்யாணம் நடக்கும். உண்மையைச் சொன்னால் முத்துகிருஷ்ணன் போவான். மேரி எதைச் சொன்னாலும் மேரி போய்விடுவாளோ என்பதுதான் அதைவிடப் பெரிய பயம்.

மீட்டிங் முடிந்து பஸ் ஸ்டாண்டு சுவரோரம் ஆதிலட்சுமி சாந்து பாட்டிலைத் திறந்தாள். மேரி அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினாள். வெறும் நெற்றியோடு முன்னால் நடந்து, தானே திரையை விலக்கி உள்ளே போனாள்.

ஆண்டாளம்மாள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பந்து கதம்பம். எல்லப்பன் நான்கு இலை போட்டுத் தண்ணீர் தெளித்தான். பொரியல் வைத்தான்.

"நல்லாத்தான் கீற. நெத்தி மட்டும் இன்னாத்துக்கு மொட்டையா கீது?" என்றாள் ஆண்டாளம்மாள். "உங்கப்பா பேரு இன்னாம்மா?"

"தானியேல்" என்றாள் மேரி.

பொரியல் கரண்டி பாத்திரத்தில் இடித்த சத்தம் கேட்டது. சுலோச்சனா சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தாள்.

"ஓரிக்கப் பக்கம் காலனி. அப்பா கூலி வேல. நான் இவளுக்கு அக்கா இல்லைங்க. கூட வேல செய்றவ."

ஆண்டாளம்மாள் கூச்சல் போடவில்லை. பூவை எடுத்து மெதுவாகக் கைப்பைக்குள் வைத்தாள். பிறகு ஆதிலட்சுமியின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, ஏறக்குறைய பிரியமாகச் சொன்னாள்.

"உனக்குத் தெரிஞ்சிருக்காது. சின்னப் பொண்ணு. அவ மறச்சிருப்பா, நீ நம்பியிருப்ப. இன்னா, அப்பிடித்தானே? ஆமான்னு சொல்லு. இங்கியே விட்டுடலாம். எங்க வூட்ல நான் பேசிக்கிறேன்."

தப்பிக்க வழி திறந்துதான் இருந்தது. தலையை ஆட்டினால் போதும், வாயைக்கூடத் திறக்க வேண்டாம். ஆதிலட்சுமி மேரியைப் பார்த்தாள். மேரி அவளைப் பார்க்கவில்லை. இலையில் வைத்த பொரியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லைங்க" என்றாள் ஆதிலட்சுமி. "மறச்சது நான். அவள அக்கான்னு சொன்னது நான். ரெண்டு வருசமா ஒண்ணாத்தான் சாப்பிடறோம்."

ஆண்டாளம்மாள் எழுந்து, தண்ணீர் டம்ளரைக்கூடத் தொடாமல் போனாள். ராஜாராம் திரைக்கு வெளியே வந்து நின்றார். பாவம், மனுஷருக்குக் கோபத்தைவிடக் கவலை அதிகம். வெளியே கூடத்தில் ஊர்ப் பெரியவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, என் பொழப்புல இப்பிடி மண்ண அள்ளிப் போட்டுட்டீங்களே?"

மேரி எழுந்தாள். ஆதிலட்சுமி அவள் கையைப் பற்றினாள். "உக்காருக்கா."

"அக்கான்னு கூப்டாத. எனக்குப் பேரு இருக்குது."

தொட்டியில் கையைக் கழுவிவிட்டு, கூடத்தின் நடுவே, சாப்பிடுகிறவர்களுக்கு இடையே நடந்து வெளியே போனாள். பின்வாசல் வழி கிட்டத்தில்தான் இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

புள்ளலூரிலிருந்து வரன் இல்லை என்று சொல்லியனுப்பினார்கள். முத்துகிருஷ்ணனிடமிருந்து தனியாக ஒரு வார்த்தையும் வரவில்லை. வேலைக்குப் போகட்டும் என்று சொல்கிற அளவுக்குத்தான் அவனுக்குப் பெரியம்மாவின் உத்தரவு இருந்திருக்க வேண்டும். ஓட்டலில் நடந்த சேதி பெருநகருக்கும் வந்தது. அம்மா பல நாள் மகளோடு பேசவில்லை. பேசியபோதும் "சாப்டு" என்ற ஒரு சொல்தான்.

மேரியோடு வேலை நின்றுவிடவில்லை. வீடு வீடாகப் போனார்கள். நோட்டீசு கொடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். மத்தியானம் ஆனால் மேரி ஒரு மரத்தடியில் தன் டிபன் பாக்சைத் திறப்பாள். ஆதிலட்சுமி தன்னுடையதிலிருந்து நீட்டினால், "எனக்குப் போதும்" என்பாள். முகத்தில் கடுமை இருக்காது. அதுதான் தாங்க முடியாதது.

அடுத்த மீட்டிங் நாள் ஆதிலட்சுமி தனியாக ஓட்டலுக்குப் போனாள். கல்லாவுக்கு முன்னால் நின்றாள்.

"நானும் மேரியும் வந்தா எல போடுவீங்களா? அக்கா இல்ல. தானியேல் பொண்ணு மேரி."

ராஜாராம் ஈரத்துண்டால் கல்லாப் பெட்டியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார்.

"கூட்டம் இல்லாத நேரமா பாத்து வாங்கம்மா. மூணு மணிக்கு மேல. நான் இன்னா வாணாம்னா சொல்றேன்?"

ஆதிலட்சுமிக்கு அது பெரிய வெற்றியாகத் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிப்போய், பஸ்சுக்கு நின்றிருந்த மேரியிடம் மூச்சிரைக்கச் சொன்னாள். மேரி முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"கூட்டம் இருக்கசொல்ல போடுவானான்னு கேளு. போடுவான்னா சொல்லு, வரேன்."

பஸ் வந்தது. மேரி ஏறிக்கொண்டாள்.

ஆதிலட்சுமி திரும்பிப் போய்க் கேட்டாள். ராஜாராம் சமையல்கட்டில் வேலை இருப்பதாக உள்ளே போய்விட்டார். அதற்கடுத்த மாதமும் போய்க் கேட்டாள், கூடம் நிறைந்திருக்கிற நேரமாகப் பார்த்து, சாப்பிடுகிறவர்களுக்குக் கேட்கிற குரலில்.