இருபத்தைந்து பவுண்டு வில்

மூன்று ஆண்டுகளுக்கு முன், பள்ளி விடுமுறை தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை காலையில், மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் கூலாயில் ஒரு டுரியான் பழத் தோப்பில் இது நடந்தது. நான் வாழ்க்கையில் செய்த மிக அழகான வில்லை அன்றுதான் ஒருவர் கையில் கொடுத்தேன். இரண்டரை மணி நேரம் கழித்து அதன் அழகில் பாதி என் கால்சட்டை மீது தூளாகக் கிடந்தது.

முதலில் இந்தப் பைத்தியத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஓய்வு நேரத்தில் மர வில் செய்வது என் பொழுதுபோக்கு. என் வயதுக்காரர்கள் சர்க்கரையைக் குறைக்கிறார்கள், நான் மரத்தைக் குறைக்கிறேன். ஜொகூர் பாருவில் எங்கள் வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கும் இடம்தான் பட்டறை. "குழாய் ஆறு மாசமா ஒழுகுது. அதுக்கு ஸ்பானர் பிடிக்க ஆள் இல்ல, வில்லு மட்டும் நிக்காம நடக்குது" என்பது என் மனைவியின் நிரந்தர விமர்சனம். அவர் சொல்வதில் தகவல் பிழை எதுவும் இல்லை.

என்னைப் போல ஜொகூர் முழுக்கப் பதினொரு பேர் இருக்கிறோம். ஆண்டுக்கு ஒரு முறை விற்களை மாற்றிக்கொள்வோம். ஒவ்வொருவரும் ஒரு படிவத்தில் மூன்று விஷயங்கள் எழுத வேண்டும்: எந்தக் கைப்பழக்கம், நாணை எத்தனை அங்குலம் இழுப்பீர்கள், எத்தனை பவுண்டு. அவ்வளவு தூரம் இழுத்துப் பிடிக்கும்போது விரல்களில் விழும் பாரம்தான் அந்தப் பவுண்டு. பிறகு சீட்டுக் குலுக்கல். யாருடைய படிவம் உங்களுக்கு வருகிறதோ அவருக்கு நீங்கள் வில் செய்ய வேண்டும். படிவத்தில் பெயர் இருக்காது, கொடுக்கும் நாள் வரை யாருக்கு என்றே தெரியாது. சந்தேகம் இருந்தால் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்கலாம். அவர் கூலாயில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் சீனர். தோட்டத்துத் தமிழ் வாடிக்கையாளர்களிடம் பேசிப் பேசியே நம்மைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். டுரியான் தோப்பும் அவருடையதுதான்.

எனக்கு வந்த படிவத்தில் இப்படி எழுதியிருந்தது: வலது கை, இருபத்து நான்கு அங்குலம், இருபத்தைந்து பவுண்டு.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் குழுவில் யாரும் நாற்பதுக்குக் கீழே எழுதியதில்லை. குழுவின் வாட்ஸ்அப்பில் உடனே ஒரு வரி போட்டேன்: "எனக்கு வந்த படிவத்தில் இருபத்தைந்து பவுண்டு. அன்பரே, இது கொசு அடிக்கவா?" சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஒரு நகைச்சுவையாளனுக்கு அதைவிடப் பெரிய ஊதியம் இல்லை.

சிரித்து முடித்த பிறகு நான் செய்த காரியம்தான் விஷயம். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரு காப்புறுதி அலுவலகத்தில் விண்ணப்பப் படிவங்களைச் சரிபார்க்கிறேன். தன் மூத்த மகனைவிட இளையவராகத் தன்னை எழுதிக்கொண்டவர், தாயின் பெயர் கேட்ட இடத்தில் மாமியார் பெயரை எழுதியவர், எல்லோரையும் பார்த்தாயிற்று. மனிதன் படிவத்தில் தவறாகத்தான் எழுதுவான் என்பது என் மதம். ஆகவே பென்சிலை எடுத்தேன். இருபத்து நான்கை இருபத்தெட்டாக்கினேன். இருபத்தைந்தை நாற்பத்தைந்தாக்கினேன். ஒருங்கிணைப்பாளரைக் கேட்டிருக்கலாம். ஆனால் தெளிவாகத் தெரியும் பிழைக்கு எதற்குத் தொலைபேசிச் செலவு?

நான்கு மாதம் உழைத்தேன். மெர்பாவ் பலகை, அதன் முதுகில் மூங்கில் பட்டை. சுவரில் அடித்த கட்டையில் வில்லை மாட்டி, கப்பியில் கயிறு போட்டு, தராசு தொங்கவிட்டு, வில்லின் இரு பாதிகளும் ஒரே மாதிரி வளைகின்றனவா என்று ஆயிரம் முறை பார்த்தேன். வளைவு அத்தனை ஒழுங்காக வந்தது. வயிற்றுப் பக்கம், அதாவது எய்பவர் முகத்தைப் பார்க்கும் பக்கம், சூட்டுக் கம்பியால் ஒரு மயில் வரைந்தேன். தோகை முழுக்கக் கண்கள். வார்னிஷ் மட்டும் ஆறு பூச்சு.

மாற்றும் நாளில் ஒரு சடங்கு உண்டு. வரிசை சங்கிலி போல நகரும். ஒருவர் கொடுப்பார், வாங்கியவர் அந்த வில்லால் எல்லோர் முன்னிலையிலும் முதல் அம்பு விட வேண்டும். விட்ட பிறகுதான் அவர் தன் வில்லை அடுத்தவருக்குக் கொடுக்கலாம். அம்பு விட முடியாதவர் தான் செய்த வில்லையும் கொண்டுவந்தபடியே வீட்டுக்குத் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும், அந்த ஆண்டு அவர் வட்டத்துக்கு வெளியே. அந்த முறை சங்கிலி என்னிடமிருந்து தொடங்கியது. அதனால் கடைசி வில் எனக்கு.

எனக்கு வந்த படிவத்தின் சொந்தக்காரர் எழுந்து வந்தார். சிம்பாங் ரெங்கத்திலிருந்து வந்த பெண்மணி, அந்த ஆண்டுதான் குழுவில் சேர்ந்தவர். நாற்பது வயது இருக்கும். செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். கையில் தான் செய்த வில்லைப் பழைய கைலித் துணியில் சுற்றி வைத்திருந்தார்.

மயிலைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. "அண்ணே, இது எனக்கா?" என்றார். நான் பெருந்தன்மையாகத் தலையசைத்தேன்.

அம்பைப் பூட்டி இழுத்தார். நாண் பாதி வழி வந்து நின்றது. அவர் வலது தோள் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. மெதுவாகத் திரும்ப விட்டார். இன்னொரு முறை முயன்றார். அதே இடம்.

"இது எவ்ளோ அண்ணே?"

"நாப்பத்தஞ்சு."

"நான் இருபத்தஞ்சுதானே எழுதினேன்?"

"அது... தப்பா எழுதிட்டீங்கன்னு நெனச்சேன்மா."

"அலமாக்!" என்றார் ஒருங்கிணைப்பாளர். "கேக்க வாய் இல்லியா பாஸ்? வாட்ஸ்அப்ல மட்டும் வாய் இருக்கா?"

அந்தப் பெண்மணிதான் என்னைக் காப்பாற்றினார். அல்லது காப்பாற்றுவது போலத் தோன்றியது. "விடுங்க அங்கிள்," என்றார் அவரிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "கொசு அடிக்கிற வில்லு கேட்டது நான்தான் அண்ணே. நல்ல ஜோக்கு. நானும் சிரிச்சேன்" என்றார். அதில் குத்தலே இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகுதான் சொன்னார். வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிள் விபத்து. வலது தோளில் இரும்புத் தகடு. கையைத் தலைக்கு மேல் தூக்கவே நான்கு மாதம். மருத்துவமனையில் கொடுத்த ரப்பர் பட்டையை இழுத்துப் பழகியபோது, அதில் மீன் தராசைக் கட்டிப் பார்த்திருக்கிறார். தொடங்கியது ஐந்து பவுண்டில். பதினான்கு மாதத்தில் இருபத்தைந்து. "கை அதுக்கு மேல நீட்டாது, அதான் இருபத்து நாலு அங்குலம். பரவாயில்ல, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, கைலி சுற்றிய தன் வில்லை எடுத்துக் கொண்டார். அவர் இழுத்துப் பழகியதே இந்த ஒரு காலைக்காகத்தான் என்பதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

என் கல்லூரிக் காலப் படிப்பு, நூலக அட்டை, நகைச்சுவை உணர்வு எதுவும் அந்த நேரத்தில் உதவவில்லை. எனக்கு உருப்படியாகத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று. அதைச் செய்தேன்.

"உக்காருங்கம்மா. எங்கயும் போவாதீங்க. வில்லுல மரத்தைச் சேக்கத்தான் முடியாது, எடுக்க முடியும்" என்றேன். ஒருங்கிணைப்பாளரிடம், "அங்கிள், சுரண்டுற தகடு இருக்கா?" என்று கேட்டேன். "கடைக்காரன்கிட்ட கேக்குற கேள்வியா இது?" என்று எடுத்து வந்தார். கொட்டகைத் தூணில் கப்பியும் தராசும் மாட்டிக் கொடுத்தார். இருபத்து நான்கு அங்குலத்துக்கு இழுத்தால் தராசு முப்பத்தாறு காட்டியது. பதினொரு பவுண்டு இறங்க வேண்டும். எல்லோரும் அவரவர் வில்லோடு காத்திருக்க, மதியத்துக்கு வைத்திருந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள் காலையிலேயே பிரிக்கப்பட்டன.

மரம் எடுக்க வேண்டியது வயிற்றுப் பக்கத்தில் மட்டும். மூங்கில் முதுகைத் தொட்டால் வில் முறியும். அதாவது, மயில் போயாக வேண்டும். முதலில் அதன் கழுத்து போனது, பிறகு தோகையின் கண்கள் ஒவ்வொன்றாக. "பாவம் லா, கோழி மாதிரி ஆயிடுச்சு" என்றார் பின்னாலிருந்து ஒருவர். நான் நிமிரவில்லை. இந்த வேலையில் அவசரம் ஆகாது. மேலே நாலு இழுப்பு சுரண்டினால் கீழே நாலு. பிறகு முப்பது முறை பாதி வரை இழுத்துவிட்டு, மரம் பழகிய பின்தான் தராசைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாகப் போனால் அங்கேயே மடங்கி ஒடியும். கை தானாக நிதானமானது. பெருமையாகவே சொல்கிறேன், அன்று நான் நன்றாக வேலை செய்தேன்.

முப்பத்து மூன்று. முப்பது. இருபத்தெட்டு.

இருபத்தெட்டில் நிறுத்தினேன். வளைவு மிக அழகாக இருந்தது, இனி தொட்டால் கெட்டுவிடுமோ என்ற பயம். பசியும் இருந்தது. "பாருங்கம்மா, கிட்ட வந்தாச்சு. மூணு பவுண்டுதானே, கொஞ்சம் இழுத்துப் பாக்கலாமே" என்றேன்.

அவர் தராசு முள்ளைக் குனிந்து பார்த்தார்.

"அண்ணே, அந்த மூணுக்கு எனக்கு ரெண்டு மாசம் லா."

நான் தகட்டை மறுபடி எடுத்தேன்.

சரியாக இருபத்தைந்தில் முள் நின்றபோது மயிலில் மிஞ்சியது ஒரு கால் மட்டும். அவர் போய் நின்றார், பூட்டினார், இழுத்தார். நாண் அவர் தாடை வரை வந்தது. தோள் நடுங்கவில்லை. அம்பு பறந்து, இலக்குப் பலகையின் வலது ஓரத்தில், இன்னும் நாலு விரல் தள்ளிப் போயிருந்தால் தோப்புக்குள் போயிருக்கும் இடத்தில், குத்தி நின்றது. யாரும் கை தட்டுவதற்குள் அவர் சொன்னார்: "இன்னொன்னு குடுங்க."

ஒன்பது அம்பு விட்ட பிறகுதான், கைலியைப் பிரித்துத் தான் செய்த வில்லை அடுத்தவருக்குக் கொடுத்தார். சங்கிலி நகர்ந்தது.

இத்துடன் முடிந்திருந்தால் நான் திருந்திய மனிதனாகக் கௌரவமாக வீடு திரும்பியிருப்பேன். ஆனால் கடைசி வில் எனக்கு அல்லவா? மெர்சிங்கில் பள்ளிப் பேருந்து ஓட்டும் மலாய் நண்பர் அதைச் செய்திருந்தார். சொன்ன சொல் மாறாத மனிதர். என் படிவத்தில் நான் எழுதியதை அங்குலம் பிசகாமல், பவுண்டு பிசகாமல் செய்திருந்தார்: இருபத்தெட்டு அங்குலம், நாற்பத்தைந்து பவுண்டு.

நான் ஒருபோதும் நாற்பத்தைந்து இழுத்ததில்லை. ஒரு முறை, புகைப்படத்துக்காக, அரை நொடி. மற்றவர்கள் ஐம்பது, ஐம்பத்தைந்து என்று எழுதும்போது முப்பத்திரண்டு என்று எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. என் பட்டறையில் எல்லாவற்றையும் இழுத்தது கப்பி, நான் அல்ல. உண்மையை எழுதியவரின் படிவத்தைப் பென்சிலால் திருத்திவிட்டு, என் படிவத்தில் பேனாவால் பொய் எழுதியிருக்கிறேன்.

இழுத்தேன். நாண் பாதி வழி வந்து நின்றது. முகம் சிவந்தது வெயிலால் அல்ல.

"அண்ணே, தப்பா எழுதிட்டீங்களா?" என்று கேட்டார் சிம்பாங் ரெங்கத்துக்காரர். அன்று அந்தத் தோப்பில் எழுந்த சிரிப்புக்கு வாட்ஸ்அப்பில் இன்னும் முகம் கண்டுபிடிக்கப்படவில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன். நல்ல ஜோக்குதான்.

மெர்சிங் நண்பர் தகட்டை எடுக்கக் கை நீட்டினார். நான் தடுத்துவிட்டேன். அந்த வில்லைச் சுரண்டவிட மனமில்லை, நான் இழுக்க முடிகிற வரை அப்படியே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். சடங்குப்படி அந்த ஆண்டு நான்தான் வட்டத்துக்கு வெளியே. போகும்போது அந்தப் பெண்மணி கைப்பையிலிருந்து ஒரு ரப்பர் பட்டையை எடுத்து என்னிடம் கொடுத்தார். "அஞ்சுலருந்து ஆரம்பிங்க" என்றார்.

இப்போது நாற்பத்தொன்றில் இருக்கிறேன். பாக்கி நாலு பவுண்டுக்கு அவர் கணக்குப்படி மூன்று மாதம் போதும். என் சோம்பலையும் சேர்த்தால் அடுத்த டுரியான் பருவம். குழாய் சரியாகிவிட்டது, என் மனைவி ஆள் வைத்துச் செய்துகொண்டார். அலுவலகத்தில் படிவங்கள் இன்னும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஏதாவது ஓர் எண் சிறியதாகத் தெரிந்தால், இப்போது பென்சிலுக்கு முன் தொலைபேசியை எடுக்கிறேன். அந்த எண்ணுக்கு ஒருவர் எத்தனை மாதம் ஏறி வந்திருக்கிறாரோ, அது எனக்கு எப்படித் தெரியும்?