ஆள் ஏறினால் அணையும் விளக்கு

அந்தப் பால்காரர் சொன்னது உண்மை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் நடுரோட்டில் நின்று அவரோடு அரை மணி நேரம் சண்டை போட்டவள் நான்.

திருப்புலிவனம் தாண்டி, பாதி ரோட்டை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். எதிரே லாரி வந்தது. நான் பிரேக்கை மிதித்து வேனை நிறுத்தினேன். பின்னால் டமாலென்று சத்தம். இறங்கி ஓடினால் ஒரு பைக் சாய்ந்து கிடக்கிறது, பால் கேனின் மூடி கழன்று நெல்லுக்குள் பால் ஓடிக்கொண்டிருக்கிறது. நல்லவேளை, அவருக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று.

"பிரேக் லைட்டு எரியல! எரியாத வண்டிய இன்னாத்துக்கு ரோட்டுக்கு இட்டாற?" என்று கத்தினார்.

"ஏன் எரியாது? காலைல பாத்துட்டுதான் எடுத்தேன். நீ கண்ண எங்க வெச்சிக்கினு வந்த?"

"மிதிச்சிக் காட்டு."

ஏறி மிதித்தேன். வண்டிக்குள் உட்கார்ந்திருந்த கம்பெனிப் பெண்களில் ஒருத்தி மட்டும் இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எரியலக்கா" என்றாள்.

அதற்குள் நெல் காயவைத்தவர்கள் கூடிவிட்டார்கள். எந்த ஊர் வண்டி என்று கேட்டார்கள். மானாம்பதிப் பக்கம், காலனி என்று சொன்னேன். அவர்களில் அதுவரை 'நீங்க' என்று பேசிக்கொண்டிருந்த ஒருவர் அதற்குப் பிறகு 'நீ' என்றார். இன்னொருவர், "பொம்பள கையில வண்டியக் குடுத்தா இப்டிதான்" என்றார்.

"யாரும் என் கையில குடுக்கல. நானே வாங்கினது" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

ஏழு வருடம் செருப்புக் கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டிக்கொண்டிருந்தவள் நான். பசை வாசம் தலையைச் சுற்ற வைக்கும். லைசென்ஸ் எடுத்து, ஒரு பள்ளிக்கூடம் இனி ஓடாதென்று கழித்துப்போட்ட வேனை வாங்கி, நான் வேலை பார்த்த அதே கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப் போக ஆரம்பித்தேன். பதினான்கு பேர் உட்காரும் வண்டி. ஆள் அனுப்புகிற காண்ட்ராக்டர் கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு இரும்புப் பெஞ்சைப் போல்ட் போட்டு முடுக்கிப் பதினேழு பேராக்கினார். அப்போது நான் வாயைத் திறக்கவில்லை. வண்டி ஓடினால் போதுமென்று இருந்தேன்.

பெண்களைக் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டு நேராக உத்திரமேரூர் மெக்கானிக் ஷெட்டுக்குப் போனேன். மெக்கானிக் பின்னால் நின்றுகொண்டு மிதிக்கச் சொன்னார். மிதித்தேன்.

"எரியுதேம்மா."

இறங்கி வந்து பார்த்தேன். அவர் மிதித்துக் காட்டினார். இரண்டு பக்கமும் சிவப்பாக, பளிச்சென்று எரிந்தது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் அந்த விளக்கின் மேல்தான்.

"உன் கால்லதான் கோளாறு. நல்லா அழுத்தி மிதிக்கணும்" என்றார் அவர். ஷெட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அடுத்த நாள் காலை, வண்டி நிறைந்த பிறகு ஒருத்தியை இறக்கிப் பார்க்கச் சொன்னேன். எரியவில்லை. இறக்கிவிட்டு வந்து ஷெட்டில் பார்த்தால் எரிகிறது. பல்பை மாற்றினேன். ஃபியூஸை மாற்றினேன். பல்பு உட்காரும் குழியில் இருந்த துருவை உப்புத்தாளால் தேய்த்தேன். பிரேக் பெடலுக்கு மேலே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது, மிதித்தால் அதுதான் விளக்கைப் போடும். அதையும் புதிதாகப் போட்டேன். மறுநாள் காலை ஆள் ஏறியதும் திரும்ப அதே கதை. இதற்கிடையில் நிறுத்த வேண்டிய இடத்தில் எல்லாம் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பின்னால் வருகிறவனுக்கு ஜாடை காட்டிக்கொண்டே ஓட்டினேன்.

நான்காம் முறை போனபோது மெக்கானிக் வண்டியைத் தொடக்கூட இல்லை. "பேஜார் புடிச்ச வண்டி. எடைக்குப் போட்டுட்டு வேற வேல பாரு" என்றார்.

அந்த வார்த்தைதான் என்னைக் கிளப்பிவிட்டது. இவர் ஷெட்டுக்கு வண்டி எப்போதும் காலியாகத்தான் வருகிறது. காலியாக இருந்தால் எரிகிறது, ஆள் இருந்தால் எரிவதில்லை. கோளாறு என் காலிலும் இல்லை, பெடலிலும் இல்லை. ஆள் ஏறுகிற இடத்தில் எங்கேயோ இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எல்லாரையும் நெல் அடிக்கிற களத்துக்கு வரச் சொன்னேன். துணி துவைக்கிற நாளில் கூப்பிட்டேன் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். பதினேழு பேரையும் அவரவர் இடத்தில் உட்கார வைத்தேன். முன்சீட்டில் இருந்தவளை டிரைவர் சீட்டுக்கு மாற்றிப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு நான் பின்னால் போய் நின்றேன்.

"மிதிச்சிக்கினே இரு. கால எடுக்காத!"

எரியவில்லை. முன்வரிசையை இறங்கச் சொன்னேன். எரியவில்லை. நடுவரிசை இறங்கியது. அப்போதும் இல்லை. கடைசியில் பெஞ்சில் மூன்று பேர் மட்டும் மிச்சம். ஓரத்தில் இருந்த பருத்த உடம்புக்காரி எழுந்தாள். விளக்கு சட்டென்று எரிந்தது.

"ஏய், எரியுது! திரும்ப உக்காரு."

உட்கார்ந்தாள். அணைந்தது.

"எழுந்திரு." எரிந்தது.

களமே சிரித்தது. அவள் மூஞ்சி சுருங்கிவிட்டது. "இன்னாக்கா, என் ஒடம்பாலதான் லைட்டு எரியலன்றியா?"

"உன்னாலதான் கோளாறே கண்ல ஆப்ட்டுச்சி. கம்னு எறங்கு" என்றேன். அவளுக்குப் பதிலாக வேறொருத்தியை அதே ஓரத்தில் உட்கார வைத்துப் பார்த்தேன். அப்போதும் அணைந்தது. அதன் பிறகுதான் அவள் முகம் தெளிந்தது.

ஸ்பானரைப் போட்டுப் போல்ட்டுகளைக் கழற்றினேன். ஒன்று துருப்பிடித்து வரவேயில்லை. அவளும் நானும் சேர்ந்து கம்பியைக் கொடுத்து நெம்பினோம். பெஞ்சைத் தூக்கி, ரப்பர் விரிப்பை உரித்தேன். பெஞ்சின் கால் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே பின்விளக்குக்குப் போகிற வயர் நசுங்கிக் கிடந்தது. மேலே தோல் அப்படியே இருக்கிறது. வளைத்துப் பார்த்தபோது உள்ளே செம்பு அறுந்திருப்பது விரலுக்குத் தெரிந்தது. பாரம் இல்லாதபோது அறுந்த இரண்டு முனைகளும் ஒட்டிக்கொண்டு விளக்கு எரிந்திருக்கிறது. பாரம் ஏறியதும் விலகியிருக்கிறது.

அதைவிட மோசமான இன்னொன்றையும் பார்த்தேன். பெஞ்சின் கால் இருந்த இடத்தைச் சுற்றித் தரைத்தகடு துருவேறி விரிசல் விட்டிருந்தது. விரிசல் வழியாகக் களத்து மண் தெரிந்தது. பெஞ்சில் உட்கார்ந்து போன மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

அறுந்த பாகத்தை வெட்டியெடுத்து, புது வயரை முறுக்கிச் சேர்த்து, டேப் சுற்றி, யார் காலும் படாதபடி பக்கச் சுவரோடு கொண்டுபோனேன். பெஞ்சு இல்லாமல் பதினேழு பேரையும் நெருக்கி உட்கார வைத்து மிதிக்கச் சொன்னேன். எரிந்தது. திரும்பத் திரும்ப மிதிக்கச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் எரிந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் பால் ஊற்றுகிற இடத்தில் போய் அந்தப் பால்காரரைப் பிடித்தேன். "நீ சொன்னது நெசம். லைட்டு எரியல. எம்மேலதான் தப்பு" என்றேன். இந்த மூன்று வாக்கியம் மெக்கானிக்கின் நக்கலைவிடக் கஷ்டமாக இருந்தது.

அவர் கேனைக் கீழே வைத்தார். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"அன்னிக்கு ஏன் எரியலன்னு எனக்கே தெரியாது. தெரிஞ்சதும் வந்துட்டேன்."

திங்கட்கிழமை விடியுமுன்பே காண்ட்ராக்டரின் போன் வந்துவிட்டது. "பெஞ்சக் கயட்டிட்டியாமே? யாரக் கேட்டு கயட்ன?"

"வண்டி என்துங்க. யாரக் கேக்கணும்?"

"வயர தள்ளிப் போட்டுட்டு பெஞ்ச திரும்ப மாட்டு. பதினேழு ஆளு வரணும்."

"தகடு வெடிச்சிக்கீது. ஆளு ரோட்டுல உயுந்தா நீ வருவியா? பதினாலு பேருக்குமேல ஏத்த மாட்டேன். மிச்சம் மூணு பேருக்கு ரெண்டாவது நட வரேன்."

"உன் வண்டியே வேணாம். வேற வண்டி அனுப்பறேன்" என்று போனை வைத்தார்.

சொன்னபடி அனுப்பினார். ரோட்டோரம் பதினேழு பேரும் நின்றிருந்தார்கள். புது வேன் வந்து கதவைத் திறந்தது. அதிலும் பின்னால் ஒரு பெஞ்சு. பருத்த உடம்புக்காரிதான் முதலில் பேசினாள்: "கீய இன்னா கீதுன்னு விரிப்பத் தூக்கிக் காட்டு. அப்பால ஏர்றோம்." டிரைவர் காட்டவில்லை. யாரும் ஏறவுமில்லை. நான் அவர்களைக் கேட்கவும் இல்லை, தூண்டவும் இல்லை. என் வண்டியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் பயம்தான். இவர்களுக்கு அன்றைய கூலி போகிறதே என்று.

மூன்று நாள் அப்படியே போனது. பதினேழு பேர் வராமல் கம்பெனியில் ஒரு வரிசையே நின்றுபோயிற்றாம். நான்காம் நாள் காண்ட்ராக்டர் என்னிடம் பேசவில்லை. அவர்களில் ஒருத்தியின் போனுக்குப் பேசி, "அந்தம்மாவயே வரச் சொல்லு, ரெண்டு நட" என்றார். இன்றுவரை என்னிடம் நேராகப் பேசுவதில்லை. எனக்கும் அவரிடம் பேச ஒன்றுமில்லை.

இப்போது ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து இரண்டு நடை அடிக்கிறேன். முதல் நடையில் யார் போவது, கூடக் கொஞ்ச நேரம் தூங்கிவிட்டு இரண்டாம் நடையில் யார் போவது என்று அவர்களுக்குள் தினமும் சண்டை. அந்தச் சண்டையில் நான் தலையிடுவதில்லை. பதினான்காவது ஆள் ஏறியதும் கதவைச் சாத்திவிடுகிறேன்.